வாரண்டியில் இருக்கும் டேபிள் டாப் கிரைண்டரில் ‘கரகர’ சத்தம், வெளியில் கொடுத்துப் பிரிக்கலாமா?

உறையூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். போன தீபாவளிக்கு வாங்கிய இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், இரண்டு கல் வைத்தது. மிஷினுக்கு 2 வருடம், மோட்டாருக்கு 5 வருடம் வாரண்டி என்று அட்டையில் போட்டிருக்கிறது. முதலில் உளுந்து அரைக்கும்போது மட்டும் லேசாக ஒரு ‘கரகர’ வந்தது, உளுந்து பொங்கி வந்தால் அடங்கிவிடும். இப்போது அரிசி போட்டாலும் வருகிறது, போன வாரத்திலிருந்து சுவிட்சைப் போட்டவுடனேயே ஆரம்பித்துவிடுகிறது. மாவு என்னவோ நன்றாகத்தான் அரைபடுகிறது. வாங்கிய கடையில் கேட்டால் ‘கல்லும் கல்லும் உரசினா சத்தம் வராம எப்படிம்மா’ என்கிறார்கள். கம்பெனி நம்பரில் புகார் எழுதிக்கொண்டார்கள், ஆள் வந்தபாடில்லை. தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன், கொண்டு வாங்க, ஐநூறு ரூபாய்க்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார். மாமியாருக்கு அதுதான் சரி என்று படுகிறது. எனக்கு வாரண்டி போய்விடுமோ என்று பயம். என்ன செய்யலாம்?

மாவுக்கடை:
எங்கள் கிரைண்டரும் இப்படித்தான் கத்தியது அக்கா. தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, பெல்ட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினேன், சத்தம் நின்றுவிட்டது. இதற்குப் போய் கம்பெனி ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பழைய மெக்கானிக், கோவை:
தம்பி, தயவு செய்து பெல்ட்டில் எண்ணெய் தடவச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் சத்தம் இருக்காது, அப்புறம் ரப்பர் ஊறி பெல்ட் வழுக்க ஆரம்பிக்கும். உளுந்து கெட்டியானதும் மோட்டார் மட்டும் ஓடும், டிரம் நின்றுவிடும்.

அம்மா, நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம். தெருமுனை ஆள் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம், ஆனால் வெளி ஆள் கை வைத்தது தெரிந்தால் அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுத்துவிடுவார்கள். சில மாடலில் அடி ஸ்க்ரூவின் மேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான்.

பிரிக்காமலேயே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கல்லையும் வழிக்கிற பிளாஸ்டிக்கையும் எடுத்துவிட்டு, வெறும் டிரம்மை மட்டும் அரை நிமிடம் ஓட விடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் கல்லில் பிரச்சினை இல்லை, கோளாறு கீழே இருக்கிறது. வெறும் டிரம்மில் சத்தம் இல்லையென்றால் கல்லை மாட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் கல்லை ஓட விடவே கூடாது, கல் தேய்ந்து அந்தப் பொடி அடுத்த மாவில் கலக்கும். கல் மாட்டியதும்தான் சத்தம் என்றால் கல் நடுவில் இருக்கும் புஷ் என்கிற உறை தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கல்லைப் பிடிக்கிற லாக் லூசாகியிருக்கும். மாவு போட்ட பிறகு மட்டும் ‘கிறீச்’ என்று இழுத்தால் பெல்ட். சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்று அடித்தால் டிரம் சரியாக உட்காரவில்லை, அல்லது அடியில் காய்ந்த மாவுக்கட்டி ஏதாவது மாட்டியிருக்கும். சுவிட்ச் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், அது பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர், அப்படியே விட்டால் மோட்டார் காயில் கருகிவிடும்.

இன்னொன்று. மரக்கரண்டியின் ஒரு முனையை மிஷின் உடம்பில் வைத்து, மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். மோட்டார் பக்கமும் டிரம்முக்கு நேர் கீழேயும் மாற்றி வைத்தால் எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று தெளிவாகக் கேட்கும். டாக்டர் வேலை மாதிரிதான். சுற்றுகிற எதன் மேலும் கரண்டி படக்கூடாது, முடியையும் துப்பட்டாவையும் கட்டிக்கொள்ளுங்கள்.

உறையூர்க்காரி:
செய்து பார்த்தேன் அண்ணா. வெறும் டிரம்மிலேயே சத்தம் வருகிறது! கரண்டியை வைத்துக் கேட்டால் டிரம்முக்கு நேர் கீழேதான் அதிகம், மோட்டார் பக்கம் சீரான இரைச்சல்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றினால் நறநறவென்று கைக்கே தெரிகிறது. லேசாகப் பக்கவாட்டில் ஆடவும் செய்கிறது.

பழைய மெக்கானிக், கோவை:
அப்படியென்றால் டிரம்மைத் தாங்கிச் சுற்றும் தண்டு, அந்த ஷாஃப்டின் பேரிங், அதாவது அது உரசாமல் சுழல வைக்கிற வளையம். எனக்குச் சந்தேகமே இல்லை. மாவு வழிந்து டிரம்மின் வெளிப்பக்கமாகக் கீழே இறங்கி ஷாஃப்ட் வழியாக உள்ளே போகும், இல்லையென்றால் கழுவிய டிரம்மை அடி ஈரத்தோடு திரும்ப வைப்பதால் போகும். அதைத் தடுக்கத்தான் ஷாஃப்டில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. சீல் சரியில்லை என்றால் பேரிங்கின் கிரீஸ் போய் துருப்பிடிக்கும், அந்தத் துருதான் இந்த நறநற. இப்படியே அரைத்துக்கொண்டிருந்தால் ஷாஃப்டும் தேயும், பெல்ட் ஒரு பக்கமாக இழுக்கும், செலவு இரட்டிப்பாகும். ஆள் வரும்வரை பக்கத்து வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பக் கூப்பிடும்போது ‘சத்தம் வருகிறது’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். லோடு இல்லாமலே டிரம் பேரிங்கில் சத்தம், டிரம்மில் ஆட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் வருகிறவர் பேரிங்கைக் கையோடு எடுத்து வருவார்.

பில் பத்திரம்:
மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். முதலில் பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். கடைகளில் தருகிற வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும், வாரண்டி முடியும் முன்பே வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இன்றைக்கே போய் வாங்குங்கள். அடியில் இருக்கும் சீரியல் நம்பரையும் ஒரு படம். வெறும் டிரம் ஓடும்போது சத்தத்தோடு ஒரு வீடியோ, அதில் கல் இல்லை என்பது தெரிய வேண்டும். ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் அது நல்ல பிள்ளையாகச் சத்தமில்லாமல் ஓடும், அனுபவத்தில் சொல்கிறேன். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

உறையூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. ஆள் வந்தார். நல்ல பையன்தான், பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். பேரிங் துருப்பிடித்திருக்கிறது, அண்ணன் சொன்னது அப்படியே சரி. ஆனால் ‘உள்ளே தண்ணி போயிருக்கு மேடம், கஸ்டமர் தப்பு, வாரண்டியில வராது, 1,400 ரூபாய் ஆகும்’ என்றார். பணம் கொடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மாவுக்கடை:
தண்ணீர் ஊற்றி அரைக்கிற மிஷினுக்குள் தண்ணீர் போனது கஸ்டமர் தப்பா! இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பழைய மெக்கானிக், கோவை:
தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மிஷினின் உடம்பையே குழாயடியில் காட்டிக் கழுவுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கம்பெனி மறுத்தால் அது சரிதான். அப்படிக் கழுவினால் பேரிங்கில் மட்டும் துரு இருக்காது, மோட்டார் உடம்பு, சுவிட்ச் ஒயர் முனை எல்லாவற்றிலும் தண்ணீர்த் தடம் தெரியும். அம்மா, பிரித்தபோது மோட்டார் எப்படி இருந்தது?

உறையூர்க்காரி:
மோட்டார் புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தது அண்ணா. டிரம்மைத் தனியாக எடுத்துத்தான் கழுவுவோம், உடம்பைத் துணியால் துடைப்பதோடு சரி. பிரித்தபோது நானும் போனில் படம் எடுத்தேன். ஷாஃப்டைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடங்கி இருந்தது.

பழைய மெக்கானிக், கோவை:
முடிந்தது விஷயம். மடங்கியிருந்தது என்றால் மாட்டும்போதே சீல் சரியாக உட்காரவில்லை. அது ஃபாக்டரியில் நடந்தது, உங்கள் அடுப்படியில் நடந்ததில்லை. அந்தப் படம்தான் உங்களுக்கு ஆதாரம். ஒன்று கவனம், 5 வருட வாரண்டி மோட்டாருக்கு மட்டும்தான், டிரம் பேரிங் அந்த 2 வருடத்துக்குள்தான் வரும். அதனால் இழுத்தடிக்க விடாதீர்கள்.

பில் பத்திரம்:
அந்தப் பையனிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் முடிவு இல்லை. சர்வீஸ் ஆள் வேலை விவரம் எழுதுகிற ஜாப் ஷீட்டில் ‘வாரண்டி மறுக்கப்பட்டது, காரணம் இது’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதி இடத்தில் பேச்சு மாறிவிடும். கம்பெனியின் வாடிக்கையாளர் மெயிலுக்கு பில், வீடியோ, சீல் படம், புகார் எண் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். நாலு வரி போதும், கோபம் வேண்டாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. அங்கே பதிந்தால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை, ஆனால் கம்பெனியிலிருந்து போன் வந்துவிடும் பெரும்பாலும். அதையும் தாண்டினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஒரு பேரிங்குக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

உறையூர்க்காரி:
போகவில்லை. ஜாப் ஷீட்டில் காரணம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், ‘சீனியரிடம் பேசுகிறேன்’ என்றார்கள். மெயில் அனுப்பியதும் சர்வீஸ் மேனேஜரே கூப்பிட்டார், சீல் படத்தைப் பற்றி மட்டும் கேட்டார். பேரிங், சீல் இரண்டும் இலவசமாக மாற்றியாகிவிட்டது. வந்து போன செலவு என்று 250 ரூபாய் கேட்டார்கள், வாரண்டி அட்டையில் அப்படி ஒன்றும் இல்லையே என்றதும் விட்டுவிட்டார்கள். இப்போது கல்லின் சத்தம் மட்டும்தான். அண்ணா, புது பேரிங்குக்கு நான் ஏதாவது எண்ணெய் விட வேண்டுமா?

பழைய மெக்கானிக், கோவை:
ஒரு சொட்டும் வேண்டாம். கிரீஸ் உள்ளேயே இருக்கிறது. டிரம்மின் அடியைத் துடைத்துவிட்டு வையுங்கள், உளுந்து பொங்கி விளிம்பைத் தொடும் அளவுக்குப் போடாதீர்கள். மாற்றிய தேதியை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கினீர்களா?

உறையூர்க்காரி:
வாங்கிவிட்டேன். இந்த முறை முத்திரையோடு.