டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை. பேனல் போய்விட்டதா?

மல்லிகைப்பந்தல்:

எங்கள் வீட்டு 32 இன்ச் எல்இடி டிவி வாங்கி ஐந்து வருடம் தாண்டிவிட்டது. போன வியாழக்கிழமை ராத்திரி அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று திரை கறுப்பாகிவிட்டது, சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. ரிமோட்டில் சேனல் மாற்றினால் மாறுகிறது, சத்தம் கூட்டினால் கூடுகிறது. செட்டாப் பாக்ஸ் கோளாறோ என்று அதைக் கழற்றிவிட்டுப் பென்டிரைவ் போட்டும் பார்த்தேன், பாட்டு கேட்கிறது, திரை கறுப்புதான். ஆன் செய்ததும் ஒரே ஒரு நொடி திரை மினுக்கென்று வெளுத்து அணைகிறது. ஒரு மாதமாகவே இடது பக்கம் கீழே ஒரு கை அகலத்துக்கு இருட்டடித்த மாதிரி இருந்தது, நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை.

தெருமுனைக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. "பேனல் போச்சு, எட்டாயிரத்து ஐநூறு ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம், இதை வேணா நான் ஆயிரத்துக்கு எடுத்துக்கிறேன்" என்றார். அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்கு இடிக்கிறது. கெட்டுப்போன டிவிக்கு எதற்கு ஆயிரம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தை இப்போது டிவியை ரேடியோ மாதிரி கேட்டுக்கொண்டு, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று எனக்கு விளக்கம் வேறு சொல்கிறார்.

சால்டரிங் சாமி:

கொடுத்துவிடாதேம்மா. இன்று ராத்திரி ஒரு வேலை செய். அறையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டிவியை ஆன் செய், சத்தம் வந்ததும் போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், நேராக இல்லாமல் சாய்வாகப் பிடித்து உற்றுப் பார். ரிமோட்டில் மெனு பட்டனையும் அழுத்து. எழுத்தோ உருவமோ நிழல் மாதிரி அசைந்தால் பேனல், அதாவது படம் காட்டும் கண்ணாடி, உயிரோடு இருக்கிறது, பின்னால் இருக்கும் விளக்குதான் போயிருக்கிறது.

எல்இடி டிவி என்று விற்பதெல்லாம் உள்ளே எல்சிடி டிவிதான். எல்சிடி தானாக ஒளி தராது, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய படம் மாதிரி, பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் தெரியும். முன்பு அந்த வெளிச்சத்துக்குக் குச்சி மாதிரி மெல்லிய டியூப்லைட் வைத்தார்கள், பிறகு அந்த இடத்தில் எல்இடி பட்டைகள் வந்தன, விளம்பரத்தில் பெயரும் மாறிவிட்டது. அவ்வளவுதான். (ஓஎல்இடி வேறு சாதி, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், இந்த டார்ச் சோதனை அதற்குச் செல்லாது.)

மல்லிகைப்பந்தல்:

சாமி அண்ணா, தெரிகிறது! முதலில் ஒன்றும் புலப்படவில்லை, டார்ச்சைச் சாய்த்ததும் ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம், அந்த எண்ணெய்ப் புட்டி சாம்பல் நிறத்தில் நிழலாக ஓடுகிறது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன், "அப்படியே பிடிச்சுக்கோ, சீரியல் முடியட்டும்" என்கிறார். இப்போது என்ன செய்வது? நானே கழற்றிப் பார்க்கலாமா? வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது, என் வீட்டுக்காரர் வயரிங் வேலை கொஞ்சம் தெரிந்தவர்.

சால்டரிங் சாமி:

அப்போ போனது பின்னால் இருக்கும் விளக்கு, பேக்லைட்தான், சந்தேகமே வேண்டாம். கோயில் திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் செட் பார்த்திருப்பாய், ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணையும். இங்கேயும் அதே கதை, பட்டையில் இருக்கும் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. எல்இடி இரண்டு விதமாகச் சாகும். உள்ளே ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆனால் அது மட்டும் இருண்டுவிடும், மற்றவை எரியும், உன் டிவியில் ஒரு மாதமாக இருந்த இருட்டு அதுதான். உள்ளே அறுந்து ஓப்பன் ஆனால் கரண்ட் போக வழி இல்லை, மொத்தமும் படுத்துவிடும். ஒரு நொடி மின்னி அணைகிறது என்றாயே, ஏதோ ஒரு பல்பு விட்டுவிட்டுத் தொடுப்பு கொடுக்கிறது என்று அர்த்தம், பட்டைக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் ட்ரைவர் ஐசி கணக்கு உதைப்பதைப் பார்த்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடுகிறது. போர்டையே குறை சொல்லி மாற்றச் சொல்பவர்களும் உண்டு, ஏமாறாதே.

கழற்றுவதென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் தொடாதீர்கள். பவர் போர்டில் இருக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கியதும் அது இறங்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வயரிங் தெரிந்தவர்கள் 230-க்குப் பழகியவர்கள், இதைச் சாதாரணமாக நினைத்துவிடுவார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

மூன்றாம் மாடி:

சாமி சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பேனலைத் தூக்கும் பகுதியை அவர் சொல்லவே இல்லை, அங்கேதான் நான் மாட்டினேன். பட்டை இருப்பது பின்பக்கம் இல்லைங்க, பின்மூடியைத் திறந்தால் போர்டுகள்தான் தெரியும். பட்டையைத் தொட வேண்டுமானால் முன்பக்கச் சட்டத்தைக் கழற்றி, கண்ணாடிப் பேனலைத் தூக்கி, அதன் கீழே இருக்கும் மெல்லிய தாள்கள் இரண்டு மூன்றை எடுத்து, கெட்டியான வெள்ளைப் பலகையை எடுத்து, அப்புறம்தான் பட்டை. பேனல் தடிமன் கண்ணாடி வளையல் அளவுகூட இருக்காது. அதன் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் நாக்கு நாக்காக ரிப்பன்கள் ஒட்டியிருக்கும், ஐசி அதன்மேலேயே இருக்கும், ஒன்று லேசாகக் கிழிந்தாலும் திரையில் நெட்டுக்குக் கோடு விழும், அதை ஒட்ட நம்ம ஊரில் ஆள் கிடையாது.

நான் தனியாளாகத் தூக்கினேன். கட்டில்மேல் வைக்கப்போகும்போது கட்டைவிரல் மூலையில் அழுந்தியது, நக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பட்டையை மாற்றி மூடினேன், பேக்லைட் ஜம்மென்று எரிந்தது, நடுவில் சிலந்தி வலை மாதிரி விரிசல். பேக்லைட் பிழைத்தது, டிவி செத்தது. இரண்டு பேர் இல்லாமல் தொடாதீர்கள், கண்ணாடி தூக்கும் ரப்பர் உறிஞ்சி இருந்தால் இன்னும் நல்லது.

வோல்ட்டேஜ்:

இவ்வளவு எதற்கு, செத்த பல்பின் இரண்டு முனையையும் ஒரு சின்னக் கம்பி வைத்துச் சால்டர் செய்துவிட்டால் மற்றவை எரியும். நான் மூன்று டிவிக்குச் செய்திருக்கிறேன், செலவு பூஜ்யம்.

சால்டரிங் சாமி:

தம்பி, எரியும், இல்லை என்று சொல்லவில்லை. மற்ற பல்புகளுக்குக் கரண்ட் ஏறிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அதுவும் தப்பு, ட்ரைவர் கரண்டை நிலையாகத்தான் வைத்திருக்கும். என் கவலை வேறு. ஒன்று, அந்த இடத்தில் நிழல் நிற்கும், வெள்ளைத் திரை வந்தால் பளிச்சென்று தெரியும். இரண்டு, மீதிப் பல்பும் அதே ஐந்து வருடச் சூட்டில் வெந்ததுதானே, இரண்டு மாதத்தில் அடுத்தது போகும், மறுபடி அந்தக் கண்ணாடியைத் தூக்க வேண்டும். மூன்றாம் மாடிக்காரர் கதையைப் படித்த பிறகும் இரண்டு தடவை தூக்கச் சொல்வாயா? பட்டையை முழு செட்டாக மாற்றிவிடுவதுதான் புத்தி.

இன்னொன்று. பட்டையை முன்கூட்டியே வாங்காதீர்கள். ஒரே மாடல் நம்பரில் வேறு வேறு பட்டை போட்ட டிவிகளை நானே பார்த்திருக்கிறேன். திறந்து பார்த்து, பட்டையில் அச்சடித்த எண், எத்தனை பல்பு, எவ்வளவு நீளம், கனெக்டர் எந்தப் பக்கம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அதைக் காட்டி வாங்க வேண்டும். பல்பில் 3 வோல்ட், 6 வோல்ட் என்று இரண்டு ரகம் உண்டு, மாற்றிப் போட்டால் வேலைக்காகாது. சாதா மல்டிமீட்டரின் டயோடு சோதிக்கும் நிலையில் 3 வோல்ட் பல்பு மங்கலாக எரியலாம், 6 வோல்ட் எரியவே எரியாது, அதைப் பார்த்து எல்லாமே செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 9 வோல்ட் பேட்டரியோடு ஒரு 470 ஓம்ஸ் ரெசிஸ்டர் சேர்த்து ஒவ்வொரு பல்பாகத் தொட்டால் இரண்டு ரகமும் எரியும். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பழைய பட்டையைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதுதான் சுலபம்.

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் மாடி அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறொரு மெக்கானிக்கைப் பிடித்தோம், கூடவே நின்று பார்த்தேன். மொத்தம் மூன்று பட்டை, ஒவ்வொன்றிலும் ஏழு பல்பு. கீழ்ப் பட்டையில் ஒரு பல்பின் மஞ்சள் பரப்பில் கடுகளவு கறுப்புப் பொட்டு, பக்கத்து பல்பின் லென்ஸ் கழன்று கீழே கிடந்தது. மூன்றையும் மாற்றிவிட்டார், பட்டையும் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய். இனிமேல் சீக்கிரம் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

சால்டரிங் சாமி:

படம் அமைப்பில் போய் 'பேக்லைட்' என்பதை 100-லிருந்து 60 அளவுக்கு இறக்கிவிடு. பிரைட்னஸ் இல்லை, பல டிவிகளில் அதைக் குறைத்தால் படம்தான் கறுக்கும், பல்பு அதே சூட்டில்தான் எரியும். கடையில் பளபளக்க வேண்டும் என்று வைத்த அந்த டைனமிக், விவிட் முறையையும் மாற்று. டிவிக்குப் பின்னால் நாலு விரல் இடம் விடு. மெக்கானிக் தெரிந்தவராக இருந்தால் ட்ரைவரில் கரண்டை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர்களில் ஒன்றை எடுத்துக் கரண்டையே கொஞ்சம் குறைத்துத் தருவார், ராத்திரி பார்க்கிற வீட்டுக்கு அந்த வெளிச்சம் தாராளம்.

மல்லிகைப்பந்தல்:

60-இல் வைத்துவிட்டேன். அத்தைக்கு வெளிச்சத்தில் குறை ஒன்றும் இல்லை. இந்த ஒன்பது நாளில் சீரியலுக்குப் புதிதாக ஒரு மருமகள் வந்திருக்கிறாள், குரலை மட்டும் வைத்து அவளை ஒல்லியாக, மூக்குத்தி போட்டவளாக நினைத்திருந்தாராம். நேற்று முகத்தைப் பார்த்துவிட்டு "இவளா அது?" என்று அரைமணி நேரம் பேசவே இல்லை.

கரிசல்43:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது 43 இன்ச், திரை கறுப்பு இல்லை, மங்கலான வெளிச்சம் இருக்கிறது, ஆனால் படமோ மெனுவோ எதுவும் வருவதில்லை. சத்தம் நன்றாக இருக்கிறது. இதற்கும் பட்டைதானா?

சால்டரிங் சாமி:

இல்லை, உன்னுடையது நேர் எதிர். பேக்லைட் எரிகிறது, படத்துக்கான சிக்னலோ சப்ளையோ பேனலுக்குப் போகவில்லை. மெயின் போர்டிலிருந்து போகும் அகலமான ரிப்பன் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றித் துடைத்து மாட்டிப் பார், சில நேரம் அதிலேயே தீரும். இல்லையென்றால் பேனலுக்குப் படத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி-கான் போர்டில் அரிசி அளவில் ஒரு ஃப்யூஸ் இருக்கும், அதன் இரண்டு பக்கமும் 12 வோல்ட் வருகிறதா என்று பார். சில மாடலில் டி-கான் மெயின் போர்டிலேயே இருக்கும். மாடல் நம்பரோடு தனியாகக் கேள், போர்டு போட்டோவும் போடு.