ஆமைப் பிணங்களை எண்ணிக்கொண்டே இருந்தால் போதுமா?

அடையாறு கதிர்
நேராகவே கேட்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) வரிசையாகச் செத்து ஒதுங்கின. மெரினாவிலிருந்து கோவளம் பக்கம் வரை ஒரே நாற்றம், ஆயிரத்துக்கு மேல் என்று செய்தி வந்தது. கடலாமை பாதுகாப்பு மாணவர் அமைப்பு 1988 முதல் இதே மணலில் நடந்து எண்ணிக்கொண்டிருக்கிறது. வனத்துறையும் எண்ணுகிறது, நீலாங்கரையில் ட்ரீ ஃபவுண்டேஷனும் எண்ணுகிறது. இத்தனை பேர் இத்தனை வருடம் எண்ணிய பிறகும் இது நடந்தது என்றால், அந்தக் கணக்கால் ஆமைக்கு என்ன கிடைத்தது? அந்தப் பணத்தையும் ஆள்பலத்தையும், ஆமைகள் சிக்கும் இழுவலையைப் போடுகிற விசைப்படகுகளைத் தடுக்கக் கடலில் ரோந்து போகக் கொடுத்திருக்கலாம்.

எழிலி
கதிர், என்ன பணம்? மாணவர் அமைப்பில் இரவு நடப்பவர்கள் சம்பளத்துக்கு நடப்பதில்லை. நான் நான்கு சீசன் நடந்திருக்கிறேன். நள்ளிரவு வாக்கில் கிளம்பினால் முடிய விடியற்காலை ஆகிவிடும். டிராக்டர் டயர் போன தடம் மாதிரி ஒன்று கடலிலிருந்து மேலே ஏறியிருக்கும், அதன் முடிவில் குச்சியால் மணலை மெல்லக் குத்திப் பார்த்து, இளகிய இடத்தில் கையால் தோண்டி, நூறு நூற்றிருபது முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவோம். எந்த இடம், எத்தனை மணி, எத்தனை முட்டை என்று எல்லாம் நோட்டில் ஏறும். செத்த ஆமையும் அதே நோட்டில்தான் ஏறும்.

"ஆயிரம்" என்று எழுதினீர்களே, அந்த எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? யாரோ கரையில் நடந்து எண்ணியதால்தான். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது செய்தியைப் பார்த்து. அந்தச் செய்தியில் எண் இல்லாமல் வெறும் "நிறைய ஆமை செத்தது" என்று மட்டும் இருந்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? எல்லா வருடமும்தான் சில ஆமைகள் சாகின்றன. இந்த வருடம் வேறு மாதிரி என்று சொல்லப் பழைய நோட்டு வேண்டும்.

காசிமேட்டுப் பையன்
எழிலி அக்கா, நீங்கள் நடப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரையில் எண்ணுவது பாதிக் கணக்குகூட இல்லை. எங்கள் வீட்டில் விசைப்படகு இருக்கிறது, பள்ளிக்கூட லீவில் நானும் போயிருக்கிறேன். கடலில் செத்தது எல்லாம் கரைக்கு வராது. காற்றும் நீரோட்டமும் இந்தப் பக்கம் தள்ளினால்தான் வரும், இல்லாவிட்டால் அங்கேயே உப்பி, அழுகி, அடியில் போய்விடும். ஒரு வருடம் கரையில் 100 ஒதுங்கினால் கடலில் செத்தது குறைவு என்று அர்த்தம் இல்லை. காற்று மாறி அடித்தது என்றுகூட இருக்கலாம்.

இன்னொன்று. அந்த வருடம் ஒடிசாவில் ருஷிகுல்யா கரையில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் ஆமைகள் ஏறி முட்டையிட்டன. அப்படியானால் நம் கடல் வழியாகவும் வழக்கத்தைவிட அதிகமாக ஆமை போயிருக்கலாம் இல்லையா? அதிகம் இருந்தால் வலையில் அதிகம் சிக்கும். கடலில் மொத்தம் எத்தனை இருந்தது என்று தெரியாமல் செத்ததை மட்டும் எண்ணிவிட்டு, பழியை முழுக்க விசைப்படகு மேல் போடுவது என்ன நியாயம்?

அடையாறு கதிர்
தம்பி சொல்வது என் பக்கம்தான் சேர்கிறது. பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு 30 வருடத்துக்கும் மேல் ஓட்டியிருக்கிறோம்.

சுந்தரவல்லி
மூன்று பேரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். எண்ணிக்கை மட்டும் இல்லை, உடலை அறுத்தும் பார்த்திருக்கிறார்கள். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்ததும், மூச்சு முட்டிச் செத்ததற்கான அடையாளம் இருந்ததும் செய்தியிலேயே வந்தது. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. இழுவலையை மணிக்கணக்காகத் தண்ணீருக்குள் இழுத்தால் உள்ளே மாட்டிய ஆமை மேலே வந்து மூச்சு விட முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஜனவரி தொடங்கி ஆமைகள் கூடுவதும் பெரும்பாலும் அந்தக் கரையோரப் பட்டையில்தான். கடலில் ஆமை அதிகமாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், அப்போது அந்த விதி இன்னும் அவசியம்தானே, தம்பி?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது மீன் இனப்பெருக்கத்துக்காக வந்தது. தடை தொடங்குவதற்குள் ஆமை சீசன் பெரும்பாலும் முடிந்துவிடும்.

காசிமேட்டுப் பையன்
5 மைல் விதியை மீறுபவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. சின்னப் படகுக்காரர்களோடு அதனால்தான் எங்களுக்குச் சண்டையே. ஆனால் ஆமை தப்பிக்கும் கருவி மாட்டு என்று சொல்பவர்கள் ஒரு தடவையாவது எங்கள் படகில் ஏறிப் பார்த்தார்களா? வலையின் கழுத்தில் கம்பிச் சட்டம், அதற்கு மேல் ஒரு திறப்பு. ஆமை போகிற வழியில் பெரிய மீனும் போய்விடும் என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். டீசல் விலைக்கு ஒரு பாடு (ஒரு தடவை வலை இழுப்பது) நஷ்டமானாலே தாங்காது.

எழிலி
அந்தப் பயம் நிஜம், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் நம் ஊர் வலைக்கு ஏற்ற மாதிரியே ஒரு கருவியை வடிவமைத்திருக்கிறது. மீன் இழப்பு குறைவு என்பது அவர்கள் சோதனையில் கண்டது. 2019ல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியதே, காரணம் இந்தக் கருவி இல்லாததுதான். அந்த நஷ்டமும் உங்கள் ஆட்கள் தலையில்தானே விழுந்தது?

கதிருக்கு ஒன்று. நீங்கள் கேட்கிற ரோந்து ஒடிசாவில் நடக்கிறது. கடலோரக் காவல்படை "ஆபரேஷன் ஒலிவியா" என்று வருடா வருடம் போகிறது, நவம்பர் முதல் மே வரை குறிப்பிட்ட பகுதிகளில் மீன்பிடிக்கத் தடையும் உண்டு. ஆனால் அங்கேயும் எந்தக் கரையில் ஆமை கூடுகிறது என்று முதலில் ஆராய்ச்சியாளர்கள்தான் கண்டு சொன்னார்கள். ருஷிகுல்யா பற்றி வெளியுலகத்துக்குத் தெரிந்ததே 1994ல்தான். எங்கே, எப்போது என்று தெரியாமல் படகை எங்கே அனுப்புவீர்கள்?

அடையாறு கதிர்
சரி, ரோந்துக்கும் கணக்கு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கெடுப்பதை நிறுத்தச் சொன்னது தப்பு. ஆனால் என் கோபம் போகவில்லை. அந்த நோட்டு சாதாரண ஆள் பார்க்கிற இடத்தில் இல்லை. எந்தத் தேதியில் எந்தக் குப்பத்தில் எத்தனை ஒதுங்கியது என்பது அன்றன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தால், ஜனவரி முதல் வாரத்திலேயே சத்தம் போட்டிருக்கலாம். ஆயிரம் ஆகும் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

எழிலி
அதை ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேசுகிறேன். தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? சீசனில் ஒரு நாள் எங்களில் ஒருவர் உங்கள் படகில் வரலாமா? வலை எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்கு ஏறியது, ஆமை உயிரோடு வந்ததா செத்து வந்ததா, இவ்வளவுதான் எழுதுவோம். படகு நம்பர் எழுத மாட்டோம்.

காசிமேட்டுப் பையன்
மாமாவிடம் கேட்கிறேன், அக்கா. அவர்தான் டிரைவர், அவர் சரி என்றால் மற்றவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். செல்போனில் படம் எடுக்கக் கூடாது, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வருகிறவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுச் சொல்லுங்கள், நாங்கள் போனால் திரும்ப நான்கைந்து நாள் ஆகும்.