இரண்டரை வயது மகனுடன் கோலாலம்பூருக்கு: வழி சொல்லுங்கள்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. என் மகனுக்கு மூளை முடக்குவாதம். கழுத்து இன்னும் உறுதியாக நிற்கவில்லை. எண்ணெய்ச் சிகிச்சைக்காக அடுத்த மாதம் பினாங்கிலிருந்து கோலாலம்பூரில் உள்ள பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துச் செல்கிறேன், மூன்று வாரம். பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிமிர்த்திப் பிடித்தால்தான் அவனுக்குக் கஞ்சி இறங்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் புரையேறிவிடும். ஓடும் ரயிலில் நீங்கள் எப்படி ஊட்டினீர்கள்?

அங்கே கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லிஃப்டும் அடுப்பும் உள்ள வாடகை வீடு இருந்தால் சொல்லுங்கள்.

கற்பூரம் வலிப்பைத் தூண்டலாம் என்று நரம்பியல் மருத்துவர் எச்சரித்திருக்கிறார். தைலத்தில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காத வைத்தியர் யாராவது உண்டா? வலிப்பு மருந்தையும் பிசியோதெரபியையும் நிறுத்தமாட்டேன். தயவுசெய்து அந்த அறிவுரை மட்டும் வேண்டாம்.