அப்பாவின் 1973 புல்லட்: அப்படியே வைத்துக்கொள்வதா, முழுசாகப் பிரித்துப் புதிதாக்குவதா?

தஞ்சை செல்வம்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா புதிதாக வாங்கி இன்றுவரை வைத்திருக்கும் புல்லட் 350. பழைய மூன்றெழுத்து நம்பர். முழங்கால் வலியால் இனி கிக்கர் உதைக்க முடியாது என்று போன மாதம் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். பெட்ரோல் மூடியைச் சுற்றி பெயிண்ட் வெளுத்திருக்கிறது. டேங்கில் தங்கக் கோடு பாதி அழிந்துவிட்டது. பின் மட்கார்டில் பற்றவைத்த தழும்பு. என்ஜின் நன்றாக ஓடுகிறது, லேசாக ஆயில் கசிகிறது, அவ்வளவுதான். இங்கே ஒரு பட்டறையில் கடைசி போல்ட் வரை பிரித்து ஷோரூம் வண்டி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார்கள். தம்பிக்கு அதில்தான் ஆசை. எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

மதுரை பட்டறை:
தம்பி, அவசரப்பட்டு பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். நான் புல்லட் வேலை மட்டுமே பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்தத் தங்கக் கோடு புல்லட் செய்த சென்னை திருவொற்றியூர் ஃபேக்டரியில் ஒருவர் பிரஷ் பிடித்துக் கையால் இழுத்தது. உற்றுப் பாருங்கள், வளைவில் கோடு ஒரு மயிரிழை தடித்திருக்கும். முழு பெயிண்ட் என்றால் முதலில் அதைச் சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, பெரும்பாலும் மேலே ஸ்டிக்கர்தான் ஒட்டுவார்கள். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். போன கோடு திரும்ப வராது.

அடுத்து என்ஜின் கவர். பளபளப்புக்காக, சுழலும் சக்கரத்தால் பாலிஷ் போடும் பஃப் மெஷினில் அழுத்திப் பிடித்தால் விளிம்பெல்லாம் மழுங்கி, வார்ப்பில் இருக்கும் எழுத்தும் தேய்ந்துவிடும். அதைவிட எனக்கு வயிறு எரிவது மரை, அதாவது போல்ட் திருகி ஏறும் வரி, விஷயத்தில். அந்தக் காலத்துப் புல்லட்டுக்கு பிரிட்டிஷ் அளவு மரை. பழைய போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால், ஏறுகிற மாதிரி ஏறி, அலுமினியத்தில் இருக்கும் மரையைத் தின்றுவிடும். ஆயில் கசிகிறது என்று வரும் வண்டிகளில் பாதி இப்படிப் புதுசாக்கப்பட்டவைதான். உங்களுக்கு, கவருக்கு இடையில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டை மாற்றி, கவர் முகத்தைச் சமமாக்கினாலே கசிவு நிற்க வாய்ப்பு அதிகம்.

பெயிண்டுக்குப் பதில் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைக்கும் பவுடர் கோட்டிங்கும் யோசிக்க வேண்டியது. சேஸ் நம்பர் மேல் தடியாகப் படிந்துவிட்டால், ஆர்.டி.ஓ. ஆபீசில் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து விழாது.

சில விஷயத்தில் மட்டும் பழசு என்று பாசம் வேண்டாம். பிரேக் லைனர், டயர், கிளச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், வயரிங், பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் உடனே மாற்றுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும். வண்டி நிற்கும் நாட்களில் டேங்க் உள்ளே துருவும் பிடிக்கும்.

தூத்துக்குடி ராஜன்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஒன்று பார்க்க வேண்டும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் என் வண்டியின் சேஸ், பேட்டரிப் பெட்டிக்குக் கீழே ஓட்டை விழுந்திருந்தது. அதை வெட்டிப் பற்றவைக்காமல் ஓட்டியிருந்தால் உயிருக்கே ஆபத்து. முழுசாகப் பிரித்துத்தான் செய்தேன், அதில் வருத்தமே இல்லை. செல்வம் சார், சிறு சுத்தியலால் சேஸைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பரவாயில்லை. மந்தமாகக் கேட்கும் இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.

மதுரை பட்டறை:
ராஜன் தம்பி சொன்னதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். இரும்பு போயிருந்தால் வேறு வழியில்லை. பெயிண்ட் போனதற்கும் இரும்பு போனதற்கும் ஒரே வைத்தியம் கூடாது என்பதுதான் என் கட்சி.

தஞ்சை செல்வம்:
தட்டிப் பார்த்தேன், எங்கும் மந்தமாகக் கேட்கவில்லை. 50 வருடம் தாண்டிவிட்டதே, வின்டேஜ் என்று பதிவு செய்யலாமா அண்ணே?

மதுரை பட்டறை:
செய்யலாம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவில் இருக்கிற வண்டிக்குக் கிடைக்கும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லும். சேஸிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடையாது. ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. பேரணி, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இதற்குத்தான் ரோட்டில் இறக்கலாம். நீங்கள் ஓட்டப் போகிறவர் என்றால் சாதாரண ஆர்.சி.யையே 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

டேங்கை மெழுகு பாலிஷ் போட்டுத் துடையுங்கள், உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். கவரைக் கழற்றுவதற்கு முன்னால் கசியும் இடத்தை போட்டோ எடுத்துப் போடுங்கள், எந்த கேஸ்கெட் என்று பார்த்துச் சொல்கிறேன்.