பேட்டரி வேலி அடிக்கிறது, பன்றி மட்டும் பயப்பட மாட்டேன் என்கிறது

கடலைக்கொல்லை:
சாக்கோட்டை பக்கம் கடலை போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் வேலிப்பெட்டி வாங்கி இரண்டு கம்பி இழுத்தாச்சு. பெட்டி டக் டக் என்று அடிக்கிறது, விளக்கும் மின்னுகிறது, ஆனால் பன்றி கம்பியை உரசிக்கொண்டு உள்ளே போகிறது. மழை பெய்த மறுநாள் மட்டும் கம்பியைத் தொட்ட ஆடு கத்திக்கொண்டு ஓடியது. பெட்டியில் கோளாறா? பக்கத்துக் கொல்லைக்காரர், "பேசாமல் மோட்டார் லைனிலிருந்து ஒரு ஒயர் இழுத்துவிடு" என்கிறார்.

வேலிக்கால்:
அண்ணே, அந்த யோசனையைக் காதிலேயே வாங்காதீர்கள். கரண்ட் லைன் நிற்காமல் பாயும், தொட்டவர் கையை எடுக்க முடியாது. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற ஆள் போய்ச் சேர்ந்தால் கேஸ் உங்கள் மேல்தான். பெட்டி பல ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும் வினாடிக்கு ஒரு துடிப்புதான், அதுவும் வினாடியில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது, அதனால்தான் தொட்டவர் விலகிக்கொள்ள முடிகிறது.

உங்கள் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. மழைக்கு மறுநாள் அடித்தது என்றால் குறை எர்த்தில். கம்பியில் வருகிற கரண்ட் பன்றி உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் ராடு வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் ஷாக். நம்ம பக்கத்துச் செம்புறாங்கல் சரளை காய்ந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும். எத்தனை ராடு அடித்திருக்கிறீர்கள்?

கடலைக்கொல்லை:
ஒன்றுதான், பெட்டியோடு வந்தது. முழங்கால் ஆழம் இறங்கியது, அப்புறம் கல்.

வேலிக்கால்:
அதான். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு ஆறடியில் மூன்று, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி, ஈரம் நிற்கிற வரப்பு ஓரமாகப் பார்த்து அடித்து ஒரே கம்பியால் இணையுங்கள். மோட்டார் எர்த்திலிருந்து 10 மீட்டராவது விலகி இருக்கட்டும். அப்புறம் சோதனை: பெட்டியை அணைத்து, 100 மீட்டர் தள்ளி ஒரு கடப்பாரையை ஊன்றி லைவ் கம்பியில் சாய்த்துவிட்டு ஆன் செய்யுங்கள். வேலியில் 2000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் இன்னும் ஒன்றிரண்டு கடப்பாரையை அதேபோல் ஊன்றிச் சாய்க்க வேண்டும். பிறகு வோல்ட் காட்டும் வேலி டெஸ்டரில் எர்த் ராடைப் பாருங்கள், 300 வோல்ட்டைத் தாண்டினால் இன்னொரு ராடு. கோடையில் இதுவும் பற்றாது என்றால் இரண்டு லைவுக்கும் நடுவே ஒரு கம்பி இழுத்து எர்த்தில் சேர்த்துவிடுங்கள், பன்றி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் மண் ஈரம் தேவையே இல்லை. கீழ்க்கம்பி தரையிலிருந்து 20 சென்டிமீட்டர், அதில் புல் உரசவே கூடாது.

பழைய பேட்டரி:
கார் பேட்டரி மாட்டியிருந்தால் சீக்கிரம் செத்துவிடும், இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூபுலர் வாங்குங்கள். பெட்டி கால் ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 6 ஏ.எச். (ஆம்பியர்-மணி), ஆகவே 60 ஏ.எச். பேட்டரி பாதி இறங்க ஐந்து நாள். அதற்குமேல் இறக்க வேண்டாம். வீட்டுச் சார்ஜரில் போடும்போது பெட்டியைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முள்கம்பியில் மட்டும் கரண்ட் விடாதீர்கள், சிக்கினால் விடுபட முடியாது. பாதை ஓரத்தில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை கட்டாயம்.

கடலைக்கொல்லை:
சரி தம்பிகளா, பலகையும் ராடும் நாளைக்குக் காரைக்குடியில் வாங்கிவிடுகிறேன். வனத்துறையில் ஏதும் சொல்ல வேண்டுமா?

வேலிக்கால்:
காட்டை ஒட்டிய நிலமென்றால் பதிவு வேண்டும், 2023-ல் மின்வேலிக்கென்றே தமிழக அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. உங்கள் சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.