புதுப்பிப்பு: முழுக் கோழி நல்லபடியா வெந்தாச்சு!

முழுக் கோழியை முதல்முறையா ஓவன்ல வைக்கப்போறேன், உள்ளே வெந்துருச்சான்னு எப்படிப் பார்க்கிறதுன்னு கேட்டிருந்தேன் இல்லையா? தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னவங்களுக்குப் பெரிய கும்பிடு. தொடையில தடிமனான இடமாப் பார்த்து, எலும்புல படாம குத்தினேன்; 74 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் எடுத்துட்டேன்.

முதல் நாள் ராத்திரியே உப்பு தடவி, மூடாம ஃப்ரிட்ஜ்ல வெச்சதால தோல் நல்லாக் காய்ஞ்சு, வெந்ததும் மொறுமொறுன்னு வந்துச்சு. கத்தி வெச்சதும் வந்த சத்தம் இருக்கே, அடடா!

எடுத்ததும் வெட்டாம கால் மணி நேரம் விடணும்னு சொன்னீங்களே, அங்கதான் பெரும்பாடு. வாசனைக்கு ஓடிவந்து தட்டோட சுத்தி நின்ன கூட்டத்தைத் தடுக்கவே தனி ஆள் வேணும். ஆனா சாறு பெருசா வழியலை, கறியிலேயே நின்னுச்சு.

அடுத்து வாத்து. அதுல உருகி வர்ற கொழுப்பை எப்படி வடிச்சு வைக்கிறது? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.