டிஃபென்ஸ் வெண்டர் கூட்டம்: போனால் பிரயோஜனம் உண்டா?

கணபதி லேத்துக்காரன் கேட்டது:
கோவை கணபதியில் சின்ன ஒர்க்‌ஷாப். இரண்டு சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி. மில்லிங் மெஷின், என்னையும் சேர்த்து ஏழு பேர். பம்ப் ஷாஃப்ட், வால்வு ஸ்டெம் என்று பதினோரு வருஷமாக ஜாப் ஒர்க்தான். அடுத்த வாரம் ராணுவத் தளவாட நிறுவனங்கள் சிறு தொழில்காரர்களைச் சந்திக்க வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருக்கிறது. 2019-ல் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்ற அரசுத் திட்டம் தொடங்கிய புதிதில் இப்படி ஒன்றுக்குப் போனேன். மேடையில் கோடிகளில் பேசினார்கள், பை கொடுத்தார்கள், சாப்பாடு நன்றாக இருந்தது. அவ்வளவுதான். ஏ.எஸ். 9100 தரச் சான்று இல்லாமல் வாசலையே மிதிக்க முடியாது என்று ஒரு கன்சல்டன்ட் வேறு பயமுறுத்துகிறார். என்னிடம் ஐ.எஸ்.ஓ. 9001 மட்டும்தான் இருக்கிறது. நிஜமாகவே ஆர்டர் எடுத்தவர்கள் சொல்லுங்க.

ஓசூர் டூல்ரூம்:
சாப்பாட்டுக்கு வேண்டுமானால் போங்க. நாம் மெனக்கெட்டு சாம்பிள் செய்து கொடுப்போம், டெண்டரில் எவனோ குறைந்த விலை போட்டு எல்1 ஆகிவிடுவான்.

பீளமேடு பழனி:
தம்பி, கட்டாயம் போங்க. ஆனால் மேடைக்கு எதிரே உட்காராதீங்க. ஹாலின் ஓரத்தில் மேஜை போட்டு இறக்குமதி பாகங்களை அடுக்கி வைத்திருப்பார்கள், நேராக அங்கே போங்க. அங்கே நிற்கிற ஆளிடம் மூன்றே கேள்வி: டிராயிங் கிடைக்குமா, வருஷத்துக்கு எத்தனை பீஸ், கடைசியாக என்ன விலைக்கு வாங்கினீர்கள். பதில் சொல்லத் திணறினால் அடுத்த மேஜை.

நான் அப்படித்தான் ஒரு வெண்கல புஷ் பிடித்தேன். வருஷத்துக்கு அறுபது பீஸ். கேட்டால் சிரிப்பு வரும், நாம் அதை ஒரே ஷிஃப்டில் அடிப்போம். முதலில் ஐந்து அட்வான்ஸ் சாம்பிள் கேட்டார்கள், காசு கிடையாது. அளவு எல்லாம் மைக்ரான் சுத்தமாக இருந்தும் ஐந்தும் திரும்பி வந்தன. காரணம், நான் வாங்கிய ராடில் ஹீட் நம்பர், அதாவது உலோகம் எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் எண், பஞ்ச் இல்லை. கடைக்காரர் கொடுத்த டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் அந்த ராடுக்குத்தான் என்று நிரூபிக்க முடியவில்லை. மறுபடி மெட்டீரியல், மறுபடி லேப் டெஸ்ட். மொத்தமாகச் செய்ய அனுமதி கைக்கு வர, கூட்டம் நடந்த நாளிலிருந்து பதினான்கு மாதம். முதல் ஆர்டரில் கைநஷ்டம்தான், மறைப்பானேன். இரண்டாவதில் தேறிவிட்டேன். ஓசூர் நண்பர் சொல்கிற எல்1 பயம் எனக்கும் இருந்தது. அறுபது பீஸுக்காகப் பெரிய ஆள் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

சர்டிஃபிகேட் பற்றி: 9100 விமானத் தொழிலுக்கானது. டாங்கி, வண்டி பாகத்துக்கு என்னிடம் 9001-தான் கேட்டார்கள். கன்சல்டன்டுக்கு இப்போதைக்கு ஒரு கும்பிடு.

ஆவடி ரிட்டயர்டு:
இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் முப்பது வருஷம் இருந்தவன். பழனி அவர்களின் புஷ் மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறேன். கோவைக்காரர்களின் பீஸ் அளவில் தப்பாது, பேப்பரில்தான் விழும். அந்த பாகம் பத்து வருஷம் ஸ்டோரில் கிடந்து, ராஜஸ்தானில் ஏதோ ஒரு வண்டியில் ஏறும். அன்றைக்கு உடைந்தால் எந்த உலோகம் என்று தேட அந்த ஹீட் நம்பர் ஒன்றுதான் வழி.

இன்னொன்று, 2021 அக்டோபரில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை நடத்திய பழைய ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனி ஆக்கிவிட்டார்கள். ஆவடி டாங்கி ஒன்றில், திருச்சி துப்பாக்கி வேறொன்றில். வருவது யார் என்று கேட்டுவிட்டுப் போங்க. 2020-ல் வந்த, பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரிஜன் போர்ட்டலில் இறக்குமதி பாகங்களின் பட்டியல் இருக்கிறது, முதல் நாள் ராத்திரியே பார்த்துவிடுங்க. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால் டெண்டர் முன்பணம் கட்ட வேண்டாம். ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு கேட்கும் செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ன் சிறு தொழில் சட்டம் சொல்கிறது. அதை நம்பி சீட்டுப் பணத்தை எடுத்துவிடாதீங்க.

கணபதி லேத்துக்காரன்:
நன்றி அண்ணா, நன்றி சார். நேற்று ராத்திரி போர்ட்டலில் உட்கார்ந்து இரண்டு அயிட்டம் குறித்திருக்கிறேன், ஒரு பின், ஒரு ஸ்லீவ். ராடுக்கு ஹீட் நம்பரோடு தருகிற கடை கோவையில் எது பழனி அண்ணா? இருபது கிலோ, முப்பது கிலோ என்று சில்லறையில் தருவார்களா?